செல்போனில் விளக்கு போடலாம்! சுவர் பூசும் முன்னே கறுப்பு வயரைக் கேளுங்கள்

பொழுது சாய்கிறது. வீட்டில் ஆள் இல்லை. கணவர் மின்சார ரெயிலில் நின்றபடி வந்துகொண்டிருக்கிறார். மனைவி இன்னும் ஆபீசில். ஆனால் ஊருக்கு வெளியே, தெருவிளக்கு எட்டாத அந்தப் புது மனையில் வாசல் விளக்கு மட்டும் "பளிச்" என்று எரிகிறது!

பேய் வேலை அல்ல. "ஸ்மார்ட் சுவிட்ச்" வேலை!

கூடுவாஞ்சேரி, ஆவடி, திருவள்ளூர் பக்கம் கடன் வாங்கி வீடு கட்டுகிறவர்கள் வீட்டிலும் இப்போது இந்தப் பேச்சு அடிபடுகிறது. "நம்ம வீட்டுக்கும் போடலாம்பா" என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். போடலாம். ஆனால் பலருக்கு இந்த நினைப்பு எப்போது வருகிறது தெரியுமா? பால் காய்ச்சிக் குடிபோன பிறகு! அங்கேதான் காசு கரைகிறது.

விழித்திருக்கும் சுவிட்ச்

சாதாரண சுவிட்சுக்கு ஒரே வேலை. சிவப்பு வயரில் வரும் மின்சாரத்தை விடும், அல்லது நிறுத்தும். நியூட்ரல் என்கிற கறுப்பு வயர் நேராக விளக்குக்குப் போய்விடும். சுவிட்ச் பெட்டியை அது எட்டிப் பார்ப்பதே இல்லை.

ஸ்மார்ட் சுவிட்சுக்குள் ஒரு குட்டி ரேடியோ இருக்கிறது. விளக்கு அணைந்திருக்கும்போதும் அது கண் விழித்து, செல்போன் என்ன சொல்லும் என்று காத்திருக்க வேண்டும். அதற்குத் தீனி வேண்டும். சிவப்பு மட்டும் போதாது, கறுப்பும் வேண்டும்.

கறுப்பு வயர் இல்லாமல் ஓடும் ரகமும் கடையில் உண்டு. அது தனக்கு வேண்டிய மின்சாரத்தை விளக்கு வழியாகவே கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். பழைய குண்டு பல்பு அதைப் பொருட்படுத்தாது. 9 வாட் எல்.இ.டி. பல்போ, அணைத்த பிறகும் "மினுக் மினுக்" என்று கண் சிமிட்டத் தொடங்கிவிடும்! படுக்கை அறையில் இது நடந்தால் தூக்கம் போச்சு. அதைச் சரிக்கட்ட பல்போடு ஒரு கெபாசிட்டர் சேர்க்க வேண்டும். எதற்கு இந்த வம்பு?

ஆகவே, சுவரில் பைப் பதிக்கும் நாளிலேயே எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட வேண்டும்: "எல்லா பாக்ஸுக்கும் நியூட்ரல் இழுத்துடுங்க." "சுவிட்சுக்கு எதுக்கு சார் நியூட்ரல்? வயர்தான் தண்டம்" என்று அவர் மறுக்கலாம். விட்டுக்கொடுக்கக் கூடாது. அன்றைக்கு ஆவது சில மீட்டர் கறுப்பு வயர். பிற்பாடு என்றால், பைப்பில் இடம் இருந்தால் தப்பித்தோம். இல்லாவிட்டால் சுவரைக் கொத்த வேண்டும், பூச வேண்டும், மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டும்.

பெட்டியும் சற்று ஆழமாக இருக்கட்டும். வயர்களோடு புதுச் சாமானையும் திணித்தால் சூடு போக வழி இராது.

வீட்டைக் கட்டி முடித்துவிட்டவர்கள் மனம் உடைய வேண்டாம். சுவிட்ச் போர்டில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா, பாருங்கள். இருந்தால் அந்தப் பெட்டியில் நியூட்ரல் இருந்தே ஆக வேண்டும். அது இல்லாமல் பிளக் வேலை செய்யாது. நம் ஊர் ஹால் போர்டுகளில் பெரும்பாலும் பிளக் உண்டு. ஆனால் விளக்கு ஒரு லைனிலும் பிளக் வேறொரு லைனிலும் இருந்து, தனித்தனி இ.எல்.சி.பி. இருந்தால், ஒன்றின் நியூட்ரலை மற்றதற்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அடிக்கடி "டிரிப்" ஆகும்.

நாற்பதுக்கும் வேண்டுமா?

இரண்டு படுக்கை அறை வீட்டில் 40 சுவிட்சுகள் என்று வையுங்கள். ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்றாலும் 40 ஆயிரம் ரூபாய்! கிரில் கேட்டுக்கே கடன் சொல்லி வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது கட்டுமா?

"கரண்ட் மிச்சமாகுமே" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 9 வாட் பல்பை அணைக்க மறந்து ராத்திரி 10 மணி நேரம் எரியவிட்டால், மாதத்துக்கு 2.7 யூனிட். கண் விழித்திருக்கும் ஸ்மார்ட் சுவிட்ச் ஒன்று ஒரு வாட் தின்கிறது என்று வைத்துக்கொண்டால், நாற்பதும் சேர்ந்து மாதத்துக்கு சுமார் 29 யூனிட்! பல்பு தின்பதை மிச்சம் பிடிக்கப் போய், சுவிட்சுக்குப் படியளப்பதாக முடியும்.

நிஜமாகவே உதவுகிற இடம் மூன்று, நான்குதான். வாசல் விளக்கு. ஹாலில் ஒன்று. ராத்திரியில் வயதானவர்கள் எழுந்து பாத்ரூம் போகும் வழியில் ஒன்று. நாலாயிரத்தில் காரியம் முடிந்தது. வாசல் விளக்கை "சூரியன் மறைந்ததும் எரி" என்று செல்போனில் சொல்லி வைக்கலாம். சென்னையில் நவம்பர் கடைசியில் 5.40க்கே சூரியன் மறையும், ஜூலையில் 6.40 ஆகும். அதுவே கணக்குப் பார்த்துக்கொள்ளும்.

அந்த நாலாயிரமும் இல்லையா? இருட்டினால் தானே எரியும் சென்சார் வைத்த பல்பு ஹோல்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. செல்போன் வேண்டாம், நெட் வேண்டாம். அந்த பல்பின் வெளிச்சமே சென்சார் மேல் படாமல் மாட்ட வேண்டும். பட்டால் எரியும், அணையும், எரியும், அணையும்! மாடிப்படிக்கு நம்ம பழைய டூ-வே சுவிட்சே போதும். அதற்கு ஈடு இன்னும் வரவில்லை.

பாட்டிக்கு செல்போன் தெரியுமா?

கண்ணாடி போல் பளபளக்கும் டச் போர்டுகளைப் பார்த்து மயங்குகிறவர்கள் உண்டு. இருட்டில் அதைத் தடவித் தேடும் பாட்டியைக் கேட்டால் தெரியும்! சாதாரண சுவிட்சுக்குப் பின்னால், பெட்டிக்குள் மறைத்து வைக்கும் சின்ன மாட்யூலே மேல். வெளியே பழைய சுவிட்ச் அப்படியே இருக்கும். பாட்டி கையால் போடுவார், பேரன் செல்போனில் போடுவான். ரிச்சி தெருவில் கேட்டாலே எடுத்துக் காட்டுவார்கள்.

நெட் போனாலும் கைச் சுவிட்ச் வேலை செய்ய வேண்டும். கம்பெனியே போனாலும்தான்! 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் "இன்ஸ்டியான்" என்ற கம்பெனி முன்னறிவிப்பு இல்லாமல் தன் சர்வர்களை நிறுத்திவிட்டது. வாடிக்கையாளர்கள் செல்போனைத் தட்டித் தட்டி ஓய்ந்தார்கள்.

இன்னொரு கூத்து உண்டு. நள்ளிரவு 2 மணிக்கு கரண்ட் போய்த் திரும்பி வந்தால், சில சுவிட்சுகள் தாமாகவே "ஆன்" ஆகிவிடும். வீடே திடீரென்று கல்யாண மண்டபமாகும்! "கரண்ட் வந்தாலும் அணைந்தே இரு" என்று முதல் நாளே செட்டிங்கில் சொல்லி வைக்க வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-பையில்தான் பேசும். செல்போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் சேர்க்கும்போது தகராறு செய்யும். "சாமான் ரிப்பேர்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் இதைப் பாருங்கள்.

உயிரோடு விளையாட்டு

வெந்நீர் போடும் கீசரை மட்டும் சாதாரண மாட்யூலில் மாட்டவே கூடாது. 3 ஆயிரம் வாட் கீசர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். மாட்யூல் மேல் 10 ஆம்பியர் என்றுதானே அச்சடித்திருக்கிறது? சூடேறி பிளாஸ்டிக் உருகும். தீப்பிடிக்கவும் செய்யும். தண்ணீர் மோட்டாரும் அப்படியே. கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். அதற்கு நடுவில் கான்டாக்டர் வேண்டும். ரிமோட்டோடு வரும் பி.எல்.டி.சி. மின்விசிறிக்கு ரெகுலேட்டர் சுவிட்ச் ஆகாது, விசிறி கெட்டுவிடும்.

மாட்யூல் வெட்டுவது சிவப்பு வயராக இருக்க வேண்டும். அவசரத்தில் கறுப்பை வெட்டும்படி மாட்டிவிட்டால், விளக்கு அணைந்திருக்கும். ஆனால் ஹோல்டரில் மின்சாரம் காத்திருக்கும்!

சரியாகவே மாட்டியிருந்தாலும் ஒரு ஆபத்து உண்டு. அப்பா ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாற்றுகிறார். பையன் ஆபீசில் இருந்து விளையாட்டாக செல்போனைத் தட்டுகிறான். என்ன ஆகும்? சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று இனி நம்ப முடியாது. எம்.சி.பி.யை இறக்கிவிட்டுத்தான் பல்பில் கை வைக்க வேண்டும்.

30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. இல்லாத வீட்டில் ஸ்மார்ட் சுவிட்ச் பேச்சையே எடுக்க வேண்டாம். இருக்கிற பணத்தில் முதலில் அது. மீந்தால் மற்றது.

சுவர் பூசுவதற்கு முந்தின நாள் அதே செல்போனில் இன்னொரு வேலையும் ஆகும். ஒவ்வொரு அறையிலும் பைப் ஓடும் வழியை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம், அளவு டேப்பை சுவரில் பிடித்தபடி. குடிபோன மறுநாள் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கும்போது தேவைப்படும்.