சிறுபாணன் போன வழியில் ஒரு சாப்பாடு

சனி, ஞாயிறு வந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலை கார்களால் நிரம்பிவிடுகிறது. திருவான்மியூரில் தொடங்கி மரக்காணம் வரைக்கும் இருபுறமும் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெயர்ப்பலகையை மறைத்துவிட்டு மெனு கார்டை மட்டும் நீட்டினால், அது கோவளத்துக் கடையா, கல்பாக்கத்துக் கடையா, செய்யூர்ப் பக்கத்துக் கடையா என்று யாராலும் சொல்ல முடியாது. பரோட்டா, சிக்கன் ரைஸ், கோபி மஞ்சூரியன், தந்தூரி: எங்கே வண்டியை நிறுத்தினாலும் இதேதான்.

இத்தனைக்கும், இந்த வட்டாரத்துக்கு வருகிற வெளியூர்க்காரர் எந்த ஊரில் யார் கையால் என்ன சாப்பிடலாம் என்று வழிகாட்டும் நூல் ஒன்று சங்க காலத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. எழுதியவரும் இந்த மண்ணின் ஆள்தான். சிறுபாணாற்றுப்படையைப் பாடிய புலவரின் பெயர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு இன்றும் அதே பெயரில் செய்யூர் வட்டத்தில் ஒரு பேரூராட்சி. கடப்பாக்கம் அதற்குள்தான் இருக்கிறது.

மூன்று ஊர், மூன்று இலை

உ.வே.சாமிநாதையர் 1889-இல் பதிப்பித்த பத்துப்பாட்டில் சிறுபாணாற்றுப்படையும் ஒன்று, 269 அடிகள். ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். சொல்லும்போதே வழிநெடுகக் கிடைக்கும் சாப்பாட்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறான்.

முதலில் கடற்கரை. எயிற்பட்டினம் என்கிறது நூல். மரக்காணத்தை ஒட்டிய பகுதிதான் அது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணக்கும் மரக்கட்டைதான் அங்கே விறகு. கரையில் கிடக்கும் அந்தக் கட்டை, படுத்துறங்கும் ஒட்டகம்போலப் புலவருக்குத் தெரிகிறது. அந்த விறகில் தீ மூட்டி, மீனவரான நுளையர் வீட்டுப் பெண் வடித்த பழைய கள்ளும், சுட்ட உலர்ந்த குழல் மீனும் விருந்தாளிக்குக் கிடைக்கும்.

அடுத்தது முல்லைக் காட்டை ஒட்டிய வேலூர். இது கோட்டை இருக்கும் வேலூர் அல்ல. மரக்காணம் பக்கத்து உப்புவேலூர் என்பார்கள். அங்கே வேட்டுவரான எயினர் வீட்டுப் பெண்கள் ஆக்கிய இனிய புளிச்சோறும் காட்டுப் பசுவின் சுட்ட இறைச்சியும். மூன்றாவது ஆமூர், வயல்வெளி ஊர். உழவர் வீட்டுப் பெண், சாப்பிடாமல் போகக் கூடாது என்று தடுத்து நிறுத்தி, உலக்கையால் நன்றாகக் குற்றிய அரிசிச் சோற்றை நண்டுக் கறியோடு போடுவாள்.

கடைசியாகத் திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில், அரசனின் ஊர். அங்கே பீமன் எழுதியதாகச் சொல்லப்படும் சமையல் நூலின் முறை பிசகாத பலவகை உணவு, பொற்கலத்தில். அரசனே பக்கத்தில் நின்று பரிமாறுகிறான்.

கடலோரத்தில் மீன், காட்டோரத்தில் புளிச்சோறு, வயலோரத்தில் நண்டு. சில காத தூரத்துக்குள் இலை மூன்று முறை மாறிவிடுகிறது. எந்த ஊரும் பக்கத்து ஊரைப் பார்த்துச் சமைக்கவில்லை. கைக்கு எட்டியதைச் சமைத்தது. அதையே வந்தவருக்கும் போட்டது.

உப்பில்லாத கீரை

இந்த நூலைச் சாப்பாட்டுப் புகழ்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. நடுவில் ஒரு வறுமை வீடு வருகிறது. குட்டி போட்ட நாய் அடுக்களையில் கிடக்கிறது. வீட்டுக்காரி வேளைக் கீரையைக் கிள்ளி வந்து, உப்புகூட இல்லாமல் வேகவைத்து, யாராவது பார்த்துவிட்டால் வெட்கம் என்று கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள்.

உப்பு வணிகரின் பயணத்தையும் இதே நூல் காட்டுகிறது. அவர்களோடு வரும் பெண் குரங்கு, அவர்களின் குழந்தைகளோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. உப்பு வண்டி போகும் அதே நூலில், ஒரு வீட்டு உலையில் உப்பில்லை. பசியை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தவர் எழுதியதால்தான் அவருடைய விருந்துப் பட்டியலுக்கு எடை கூடுகிறது. மரக்காணம், செய்யூர்ப் பக்கங்களில் உப்பளங்கள் இன்றும் இருக்கின்றன.

மலைக்குப் போனால்?

வருகிறவருக்கு உணவு சொல்வது ஆற்றுப்படை நூல்களின் பொது மரபு. செங்கத்துத் தலைவன் நன்னனைப் பாடும் மலைபடுகடாம், 583 அடிகளில், மலையேறிப் போகும் கூத்தருக்கு வழி சொல்கிறது. அங்கே கிடைப்பது தினைச்சோறு, நெய்யில் வெந்த இறைச்சி, மூங்கிலரிசி, அவரை, புளி. மலையில் விளைவதுதான் மலையில் இலைக்கு வருகிறது.

காஞ்சிக்கு வழி சொல்லும் பெரும்பாணாற்றுப்படையில், அந்தணர் வீட்டில் வெண்ணெயில் வெந்த மாதுளங்காய், அதில் மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும், தொட்டுக்கொள்ள மாவடு. அந்நூல் பேசும் நீர்ப்பெயற்று என்ற துறைமுகம் மாமல்லபுரம்தான் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. இன்று ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போனாலும் கடற்கரைச் சாலையில் பார்த்த அதே மெனுதான் அங்கேயும் எதிரே வந்து நிற்கிறது.

இன்றைக்கு என்ன கிடைக்கும்?

செய்யூர்க் கரையில் சரக்குக்குக் குறைவே இல்லை. ஒருபக்கம் கடல், மறுபக்கம் ஒதியூர்க் கழிமுகம். முதலியார்குப்பத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இந்தக் கழிமுகத்தில்தான் இருக்கிறது. கடல் சங்கராவையும் நெத்திலியையும் தருகிறது; கழி மடவையையும் இறாலையும் நண்டையும் தருகிறது. இடைக்கழிநாட்டுத் தோப்புகளில் மாவும் தென்னையும். மாங்காய் கீறிப்போட்டு மண்சட்டியில் கொதித்த மீன் குழம்பு இங்கே வீட்டுச் சமையல். கடைக்கு மட்டும் அது வருவதில்லை.

பருவம் பார்த்து வருவது நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. சுற்றுலாக் கூட்டம் அலைமோதும் கோடை விடுமுறையும் அதுதான். அந்த நாட்களில் தட்டில் பெரிய வஞ்சிரத் துண்டு வந்தால், அது எந்தக் கரையிலிருந்து எத்தனை நாள் ஐஸில் கிடந்து வந்தது என்று கேட்பதில் தவறில்லை. தடைக்காலத்தில் சிறு படகுக்காரர் கொண்டுவரும் பொடிமீனும் கழி நண்டும்தான் உண்மையான புது மீன். கோடைக்கு இந்தப் பக்கத்துத் தர்ப்பூசணியும் நுங்கும் இருக்கின்றன.

ஆடியில் வந்தால் அம்மன் கோயில்களில் கேழ்வரகுக் கூழ் வார்ப்பார்கள். யார் எவர் என்று கேட்காமல் ஊற்றும் கூழ் அது. அதோடு கருவாட்டுக் குழம்பு சேர்ந்தால் வடதமிழ்நாட்டின் முழுச் சாப்பாடு. ஆனால் சாலையோர உணவகங்களில் ‘கூழ்’ என்று கேட்டால் கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு. வெயில்காலத் தள்ளுவண்டிதான் அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்க நிறையப் பேர் வருகிறார்கள். முகலாயர் காலக் கோட்டை. 1750-இல் பிரெஞ்சுக்காரர் டூப்ளேயின் கைக்குப் போனது. 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். இங்கிருந்து உப்பும் நெய்யும் சரிகைத் துணியும் கப்பல் ஏறின. உப்பையும் நெய்யையும் ஊருக்கு ஊர் அனுப்பிய துறையில், இன்று பார்க்க வருகிறவர் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துத் தின்றுவிட்டு, காலிப் பாக்கெட்டை மணலில் போட்டுவிட்டுப் போகிறார்.

சீன அதிபருக்குச் சுண்டைக்காய்க் குழம்பு

உள்ளூர்ச் சமையலை வெளியூர்க்காரர் விரும்ப மாட்டார் என்பது கடைக்காரர்கள் சொல்லும் காரணம். 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தபோது நடந்தது அதற்குப் பதில். கடற்கரைக் கோயில் வளாகத்தில் அவருக்குப் பிரதமர் மோடி கொடுத்த விருந்தில் தக்காளி ரசம், கறிவேப்பிலை மீன் வறுவல், பச்சைச் சுண்டைக்காய் அரைத்த குழம்பு, கவுனி அரிசி அல்வா எல்லாம் இருந்தன. ஒரு நாட்டின் தலைவருக்குப் போடத் தகுந்தது, காரில் வரும் குடும்பத்துக்குத் தகாமல் போகுமா?

செய்ய வேண்டியது பெரிய முதலீடும் அல்ல. முதலியார்குப்பத்திலும் ஆலம்பரையிலும் மீனவப் பெண்களின் சுயஉதவிக் குழுக்களுக்குத் தலா ஒரு சமையல்கூடம் கொடுக்கலாம். அன்றைக்கு வலையில் விழுந்த மீனின் பெயரையும் விலையையும் கரும்பலகையில் எழுதி வைக்கட்டும். கூழும் கருவாடும், நண்டு ரசமும், மாங்காய் மீன் குழம்பும் அங்கே கிடைக்கட்டும். சுற்றுலாக் கழகம் முன்வந்தால் ஒரே சீசனில் தொடங்கிவிடக்கூடிய வேலை இது.

மீதி, சாப்பிட வருகிறவர் கையில் இருக்கிறது. அடுத்த முறை செய்யூர்ப் பக்கம் வண்டியை நிறுத்தினால் மெனு கார்டை ஓரமாக வைத்துவிட்டு, “இன்னைக்கு இங்க என்ன மீன் வந்திருக்கு, உங்க வீட்ல எப்படி வைப்பீங்க?” என்று கேளுங்கள். கேட்கிறவர்கள் கூடினால் சமைக்கிறவர்களும் கூடுவார்கள்.