ஒரு சொட்டும் மண்ணில் விழாமல்...

காரைக்குடியில் வாகனப் பழுதுபார்ப்புக் கடைகள் வரிசையாக உள்ள எந்தத் தெருவுக்குச் சென்றாலும், அங்கே மண்ணின் நிறம் மாறியிருப்பதைக் காணலாம். செட்டிநாட்டுச் செம்மண் அந்தக் கடைகளின் வாசலில் மட்டும் மெழுகிவிட்டதுபோலக் கறுத்துக் கிடக்கும். ஆண்டுக்கணக்கில் சிந்திய என்ஜின் ஆயிலின் தடம் அது.

என் வீட்டு வாசலிலும் அப்படி ஒரு கறை சில வாரங்கள் இருந்தது. காருக்கு ஆயில் மாற்றியபோது, என்ஜினின் அடியில் உள்ள டிரெயின் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியதில், அலுமினிய ஆயில் தொட்டியின் மரை தேய்ந்துவிட்டது. அன்று முதல் சொட்டுச் சொட்டாகக் கசிவு. மரையைச் சரிசெய்து கொடுத்த மெக்கானிக், "இனி போல்ட்டே வேண்டாம், வால்வு போட்டுவிடலாமே?" என்றார். அதன் பின்னரே அச்சிறு கருவியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன்.

டிரெயின் போல்ட் இருக்கும் இடத்தில் நிரந்தரமாகப் பொருத்தப்படும் ஒரு குட்டிக் குழாய்தான் இந்த வால்வு. அதன் கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் ஆயில் வடியும். மீண்டும் திருப்பினால் நிற்கும். ஒவ்வொரு முறையும் ஸ்பேனர் போட வேண்டியதில்லை என்பதால் மரை தேய்வதில்லை. போல்ட் கழன்ற நொடியில் சூடான ஆயில் கையிலும் தரையிலும் பீய்ச்சுவதும் இல்லை.

ஆனால், கடையில் கிடைத்ததை வாங்கிப் பொருத்திவிட முடியாது. முதலில் பார்க்க வேண்டியது மரையின் அளவு. மாருதி சுசுகி, ஹூண்டாய், ஹோண்டா கார்கள் பலவற்றில் விட்டம் 14 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். டொயோட்டா கார்கள் பலவற்றில் இவை முறையே 12, 1.25. விட்டம் சரியாக இருந்து இடைவெளி மாறினாலும் தொட்டியின் மரை பாழாகிவிடும். ஆகவே, பழைய போல்ட்டைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதே உத்தமம்.

அடுத்தது உயரம். ரப்பர் குழாய் மாட்டுவதற்கான முனை உள்ள வால்வு, முனையற்ற வால்வு என இரு வகைகள் உண்டு. முனை இருந்தால் ஆயிலை நேரே கேனுக்குள் இறக்கலாம். ஒரு சொட்டும் சிந்தாது. ஆனால், அது சற்றுக் கீழே தொங்கும். நம் ஊர் வேகத்தடைகளையும் கண்மாய்க் கரைப் பாதைகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். என்ஜினின் அடிப்பாகத்தை விட வால்வு தாழ்ந்து நின்றால், ஒரு கல் போதும். மொத்த ஆயிலும் வழியிலேயே கொட்டிவிடும். அத்தகைய வாகனத்துக்குப் பழைய போல்ட்டே பாதுகாப்பு. தரைக்கு அருகே என்ஜின் அமைந்த இருசக்கர வாகனங்கள் பலவற்றுக்கும் இது பொருந்தும். உயரமான டிராக்டருக்கும் ஜெனரேட்டருக்கும் இக்கவலை குறைவு.

மூன்றாவது, பூட்டு. கைப்பிடி அதிர்வில் தானாகத் திரும்பாதபடி தடுக்கும் கிளிப் இல்லாத வால்வை வாங்கவே கூடாது. குறைகளும் உண்டு. வால்வின் துளை சிறியது என்பதால் ஆயில் மெதுவாகவே வடியும். பழைய போல்ட்டின் நுனியில் இரும்புத் துகள்களைப் பிடிக்கும் காந்தம் இருந்திருந்தால், அந்தப் பயன் போய்விடும். உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியாயின், விற்பனையாளரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இத்தனையும் நம் வசதிக்காக மட்டும் என்றால், ஒரு கட்டுரை தேவையில்லை. வடித்த ஆயில் எங்கே போகிறது என்பதே என் கேள்வி. சிறிய காரில் ஒரு முறைக்கு ஏறத்தாழ 3 லிட்டர் வடிகிறது. அதில் உலோகத் துகள்களும் நச்சு வேதிப்பொருள்களும் கலந்துள்ளன. ஒரு வாகனத்தில் ஒரு முறை வடிக்கும் ஆயில் 10 லட்சம் காலன், அதாவது ஏறத்தாழ 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்க வல்லது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை.

பேராறு பாயாத செட்டிநாடு, மழையையும் நிலத்தடி நீரையும் நம்பி வாழ்ந்த பூமி. கூரையில் விழுந்த மழையை வளவில் பிடித்து, ஊருணிகளில் தேக்கி வைத்தார்கள் நம் முன்னோர். சம்பை ஊற்றின் சுவையைப் பெருமையாகப் பேசும் ஊர் காரைக்குடி. அந்த நீர் ஊறி வரும் மண்ணில்தான் இந்தக் கரிய எண்ணெயும் இறங்குகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயகரக் கழிவு. அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு, 2024 ஏப்ரல் 1 முதல் உற்பத்தியாளர்கள் மீதும் சுமத்தப்பட்டுள்ளது. அது வீணான பொருளும் அன்று. ஒரு காலன் பழைய ஆயிலைச் சுத்திகரித்தால் கிடைக்கும் உயவு எண்ணெயைப் பெற 42 காலன் கச்சா எண்ணெய் வேண்டும். ஆயினும் அது கட்டடப் பலகைகளில் பூசப்படுகிறது, அடுப்பில் எரிக்கப்படுகிறது, சாக்கடையில் ஊற்றப்படுகிறது. சிறு கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சேர்த்து வைத்தாலும் யாரிடம் கொடுப்பது என்பது அவருக்கு யாரும் சொல்லித்தராத செய்தி.

2024இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த காரைக்குடி இதில் வழிகாட்டலாம். பழுதுபார்ப்புக் கடைகளுக்கு மூடியுள்ள பீப்பாய்கள், மாதம் ஒரு நாள் சேகரிப்பு, உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பு ஆகிய மூன்றும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. வாகன உரிமையாளர்களாகிய நாமும் ஆயில் மாற்றும்போது, "பழையதை என்ன செய்வீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

வால்வு ஆயிலைச் சிந்தாமல் கேனுக்குள் இறக்கித் தரும். அந்தக் கேனை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். மண்ணில் இறங்கிய பிறகு வருந்துவது, தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் கதைதான்.