எண்களின் ஊர் – 9: ஒரு கலம், 13,82,400 நெல்

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் கொள்முதல் நிலையத்தில் நெல்லை 40 கிலோ சிப்பமாக எடை போட்டாலும், பெரியவர்கள் விளைச்சலை விசாரிப்பது ‘மாவுக்கு எத்தனை கலம்?’ என்றுதான். அந்தக் கலத்துக்குள் எத்தனை நெல்மணி என்பதற்கும் பழைய வாய்பாட்டில் பதில் இருக்கிறது.

360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. அங்கிருந்து இரண்டிரண்டாக ஏறினால் உழக்கு, உரி, படி. ஆக, படிக்கு 14,400 நெல். 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். பெருக்கினால் 13,82,400. வாய்க்கு வந்த எண் அல்ல இது. ஆயிரம் நெல் ரகத்தைப் பொறுத்துச் சுமார் 15 முதல் 25 கிராம் இருக்கும். அந்தக் கணக்கில் கலம் 20 கிலோவுக்கு மேல், 35-க்குள் வருகிறது.

இந்த எண்ணைப் பிரித்தால் 2 பதினொரு முறை, 3 மூன்று முறை, 5 இரண்டு முறை. வேறு பகா எண்ணே கிடையாது. காரணிகள் மொத்தம் 12 × 4 × 3 = 144.

கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி 1915-ல் ஒரு பெரிய கட்டுரை வெளியிட்டார். அத்தகைய எண்ணில் 2-இன் அடுக்கைவிட 3-இன் அடுக்கு மிகாது, அதைவிட 5-இன் அடுக்கு மிகாது; இப்படியே போகும். கலம் இதில் தேறிவிடுகிறது. ஆனால் கடைசிப் பகா எண் ஒருமுறைதான் வரவேண்டும் என்றும் அவர் நிறுவினார். 4, 36 மட்டும் விலக்கு. கலத்தில் 5 இருமுறை வருகிறது, அதனால் தோற்கிறது. ராமானுஜனின் வரிசையில் பக்கத்திலேயே நிற்கும் எண் 14,41,440. அதற்குக் காரணிகள் 288, கலத்தைப் போலச் சரியாக இரு மடங்கு! அதில் 7, 11, 13 எல்லாம் உண்டு.

அப்படியானால் கலம் குறைபட்ட எண்ணா? இல்லை என்பேன். களத்தில் வேண்டியது காரணிகளின் எண்ணிக்கை அல்ல, கையால் அளக்க முடிகிற பங்கு. பாதியைக் கண்ணே சரிபார்த்துவிடும். அதனால்தான் 2 இத்தனை முறை. ஏழு பேர் பங்கிட்டால் 5 நெல் மிஞ்சும், உண்மைதான். ஆனால் ஐந்தில் பிசகாது. 1952-இன் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், சாகுபடி செய்கிற குத்தகைதாரருக்கு விளைச்சலில் குறைந்தது ஐந்தில் இரண்டு பங்கு என்றது. ஒரு கலத்தில் அது 5,52,960 நெல். அளந்து பாருங்கள்: 4 மரக்கால், 6 படி, ஓர் உழக்கு, ஓர் ஆழாக்கு, ஒரு செவிடு. ஒரு நெல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆழாக்கை ஐந்தாக வெட்டி வைத்தவர் யாரோ, அவர் கணக்கில் தேர்ந்தவர்.

அடுத்த வாரம் கரிசை: 400 மரக்கால், 4,60,80,000 நெல். அதற்குள் அதன் காரணிகள் எத்தனை என்று நீங்களே எண்ணி வையுங்கள்.