150 விதிகள், 3 பயிற்சிகள்

பௌத்தம் படிக்க ஆரம்பிக்கிற யாரும் சீக்கிரமே மலைத்துப் போவார்கள். நான்கு உண்மைகள், எட்டு நெறிகள், ஐந்து கந்தங்கள், பன்னிரண்டு சார்புகள்னு எல்லாமே பட்டியல்தான். இந்த மலைப்பு புத்தர் காலத்திலேயே இருந்திருக்கு.

அங்குத்தர நிகாயத்தில் ஒரு சின்ன சுத்தம் (சூத்திரம்). வஜ்ஜி குலத்தைச் சேர்ந்த பிக்கு ஒருவர் புத்தரிடம் வருகிறார். அரைமாதத்துக்கு ஒருமுறை ஓதப்படும் விதிகள் 150க்கு மேல் இருக்கு, என்னால் முடியவில்லை என்கிறார். புத்தர் கோபப்படவில்லை. மூன்றில் மட்டும் பயிற்சி செய்ய முடியுமா என்று கேட்கிறார். முடியும் என்கிறார் பிக்கு.

அந்த மூன்றுதான் சீலம் (ஒழுக்கம்), சமாதி (மன ஒருமை), பஞ்ஞா (மெய்யறிவு). எண்வழிப் பாதையும் இதற்குள் அடங்கிவிடும். நற்பேச்சு, நற்செயல், நல்வாழ்க்கைத் தொழில் மூன்றும் சீலம். நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லொருமை மூன்றும் சமாதி. நற்காட்சியும் நல்லெண்ணமும் பஞ்ஞா. இப்படிப் பிரித்துச் சொன்னவர் தம்மதின்னா என்ற பிக்குணி.

சரி, தியானம் கத்துக்கத்தானே எல்லாரும் வர்றாங்க, ஒழுக்கம் எதுக்கு முதலில் வரணும்? "அப்பதான் புண்ணியம் கிடைக்கும்" என்பது பதில் இல்லை. ஆனந்தர் இதையே கேட்கிறார். அதற்குப் புத்தர் தரும் விடை ஒரு சங்கிலி. ஒழுக்கத்தின் பயன் மனஉறுத்தல் இல்லாமை. அதிலிருந்து மகிழ்ச்சி, பூரிப்பு, உடல் தணிவு, சுகம், அதன்பின் சமாதி. சமாதியிலிருந்து உள்ளதை உள்ளபடி காண்பது. சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால் இது ஒரு டிபென்டன்சி. கீழே இருப்பது இல்லாமல் மேலே இருப்பது ஓடாது.

யோசிச்சுப் பாருங்க. காலையில் ஒருத்தரிடம் பொய் சொல்லியாச்சு. யாரிடம் என்ன சொன்னோம்னு நாள் முழுக்க நினைவு வச்சிருக்கணும். ராத்திரி கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தால் முதலில் வந்து நிற்பது அந்தப் பொய்தான். எந்த தியான ஆப்பை மாற்றினாலும் அது போகாது. கோளாறு பகலில் இருக்கு. பொய் இல்லாத மனசுக்கோ உறுத்தலைத் துரத்தும் வேலையே இல்லை. ஒழுக்கமுள்ளவர் "எனக்கு உறுத்தல் இல்லாமல் இருக்கட்டும்" என்று தனியாக விரும்ப வேண்டியதில்லை, அது இயல்பாகவே நடக்கும் என்று அடுத்த சுத்தமே சொல்கிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். எண்வழிப் பாதை நற்காட்சியில், அதாவது பஞ்ஞாவில் அல்லவா தொடங்குது? ஆமாம். ஏன் ஒழுங்காக வாழணும் என்ற அடிப்படைப் புரிதல் கொஞ்சமாவது இருந்தால்தான் சீலமே தொடங்கும். பயிற்சி முற்றியபின் வரும் பஞ்ஞா வேறு. நிலையாமை, துக்கம், அனாத்மா ஆகியவற்றை நேரடியாகக் காண்பது. ஒரு கை இன்னொரு கையைக் கழுவுவதுபோல ஒழுக்கமும் அறிவும் ஒன்றையொன்று தூய்மை செய்கின்றன என்ற உவமை தீக நிகாயத்தில் இருக்கு. ஆக இவை மூன்றும் ஏறி முடித்துவிட்டு மறந்துவிடும் படிகள் அல்ல.

5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் இந்த மூன்றை வைத்தே கட்டப்பட்டது. மொத்தம் 23 அத்தியாயங்களில் சீலத்துக்கு 2, சமாதிக்கு 11, பஞ்ஞாவுக்கு 10. அஸ்திவாரத்துக்குப் பக்கம் குறைவுதான். ஆனா கட்டடம் நிற்பது அதன் மேல்.

முயன்று பார்க்க நினைப்பவர்கள் ஐந்து சீலங்களில் ஒன்றை, உதாரணமாகப் பொய் சொல்லாமையை, ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம். தினமும் பத்து நிமிஷம் உட்காருங்கள். வித்தியாசம் இருக்கா இல்லையான்னு உங்கள் மனசே சொல்லும்.