கொள்ளைநோய்க் காலத்தில் அவசரப் பல் மருத்துவம்

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் தமிழகத்தை ஒட்டி அமைந்தவை. கொழிஞ்சாம்பாறை மக்கள் பொள்ளாச்சி, கோயம்புத்தூரையும், மறையூர் மக்கள் உடுமலைப்பேட்டையையும், குமுளி மக்கள் கம்பம், தேனியையும் நாடுவது வழக்கம். கோவிட் பரவலைத் தடுக்க 2020 மார்ச் 25-இல் பொது முடக்கம் நடைமுறைக்கு வந்தது. மருத்துவமனைகளுக்கு விலக்கு இருந்தபோதிலும், வாளையாறு, குமுளி, போடிமெட்டு சோதனைச் சாவடிகளைக் கடப்பது எளிதாக இல்லை.

பல் மருத்துவம் மற்றோர் இடர்ப்பாட்டையும் எதிர்கொண்டது. மருத்துவர் நோயாளியின் வாய்க்கு மிக அருகில் பணிபுரிகிறார். பல்லைக் குடையும் அதிவேகக் கருவி, உமிழ்நீரை நுண்துளிகளாகக் காற்றில் கலக்கச் செய்கிறது. எனவே, மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மே 19-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இதன்படி, வழக்கமான சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளில் பல் மருத்துவ நிலையங்கள் மூடப்பட்டன. எனினும் தொலைபேசி வாயிலாக நோயாளிகளைத் தரம் பிரிக்க இடமளிக்கப்பட்டது.

இத்தரம் பிரித்தலே அவசரச் சிகிச்சையின் அடிப்படை எனலாம். பல் கூச்சம் காத்திருக்கலாம். ஆனால் நிற்காத இரத்தப்போக்கு, தாடை எலும்பு முறிவு, கழுத்து வரை பரவும் வீக்கம் ஆகிய மூன்றும் காத்திருக்க இயலாதவை. வீக்கம் மூச்சுக்குழலை நெருக்கினால் உயிருக்கே ஆபத்து நேரும். சீழ் கட்டிய நிலையில் மாத்திரை மட்டும் போதாது. சீழை வெளியேற்றுதல் இன்றியமையாதது. விபத்தில் கழன்று விழுந்த நிலைப்பல்லைப் பாலில் இட்டு, ஒரு மணி நேரத்திற்குள் கொண்டுசென்றால் மீண்டும் பொருத்த வாய்ப்புண்டு.

“வாயைத் திறக்க முடிகிறதா? விழுங்க முடிகிறதா? காய்ச்சல் உண்டா? மூச்சுத் திணறுகிறதா?” என்னும் வினாக்கள் தொலைபேசியிலேயே நிலைமையை உணர்த்திவிடும். தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ் பேசும் தொழிலாளர் பெருமளவில் உள்ளனர். அவர்களிடம் இவ்வினாக்கள் தமிழில் கேட்கப்படுவது அவசியமாகும்.

இரயில் பாதையற்ற மலை மாவட்டமான இடுக்கியில் சாலையே உயிர்நாடி. அச்சாலை எல்லையில் அடைபடும்போது, வலியும் வீக்கமும் மாநிலம் பார்த்து நிற்பதில்லை. எந்நோயாளி எம்மருத்துவமனைக்கு, எச்சாவடி வழியே அனுப்பப்பட வேண்டும் என்பதை இரு மாநில நிர்வாகங்களும் முன்கூட்டியே வகுத்து வைத்தல் வேண்டும். கோவிட் தொடர்பான உலகளாவிய அவசரநிலை 2023 மே 5-இல் முடிவுக்கு வந்தது. அடுத்த கொள்ளைநோய்க்கு முன் இந்த ஏற்பாட்டைச் செய்து முடிப்பதே அறிவுடைமை.