காருக்கு மேல் ஒரு கயாக்

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தின் குறுகிய தெருக்களில் தமிழ் எப்போதும் காதில் விழும். அங்கே லோடு ஆட்டோவில் ஏணியும் குழாயும் ஏற்றுகிறவர்கள், கயிற்றை இழுத்துக் கட்டியதும் சுமையை ஓர் உலுக்கு உலுக்கிப் பார்ப்பார்கள். கார் கூரையில் கயாக் ஏற்றுகிறவர்கள் கற்க வேண்டிய பாடமும் அதுதான்.

இருமுனைத் துடுப்பால் செலுத்தும் ஒல்லியான படகுதான் கயாக். ஆர்க்டிக் பகுதியின் இனூயிட் மக்கள் சீல் தோலைப் போர்த்திச் செய்த வேட்டைப் படகின் வாரிசு. இப்போது பெரும்பாலும் பாலிஎத்திலீனில் வார்க்கிறார்கள். நீளம் சுமார் 3 மீட்டர், எடை 20 முதல் 30 கிலோ. ஒகேனக்கல் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடக்கலாம். கயாக்கைக் காவிரிக் கரையின் பீமேஸ்வரிவரை கொண்டுபோக வண்டி வேண்டும்.

'இவ்வளவு கனம் எங்கே பறக்கப் போகிறது' என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில், எதிர்க்காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறக்குறைய 30 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். படகின் மூக்கு சற்றே தூக்கினால் போதும், காற்று அடியில் புகுந்து படகையே நெம்பிவிடும். வேகம் இரட்டித்தால் இந்த விசை நான்கு மடங்காகும். அதனால்தான் தெருவுக்குள் அசையாத படகு நெடுஞ்சாலையில் ஆடுகிறது.

கூரையில் இரண்டு குறுக்குக் கம்பிகளைப் பொருத்துங்கள். கூரை தாங்கும் எடை வண்டிக் கையேட்டில் இருக்கும். கம்பிகளின் எடையும் அதில் சேரும். கம்பிமேல் பஞ்சுத் திண்டு வைத்து, படகை நீளவாக்கில் கவிழ்த்து வையுங்கள். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பாலியெஸ்டர் பட்டை: படகைச் சுற்றி, கம்பிக்கு அடியில் நுழைத்து, பக்கிளில் கோத்துக் கையால் இறுக்குங்கள். நைலான் கயிறு நனைந்தால் நீண்டு தளரும். நெம்புகோல் வைத்த ராட்செட் பட்டையோ அளவுக்கு மீறி இறுக்கிவிடும். வெயிலில் இளகிய பிளாஸ்டிக் நசுங்கும். பட்டையை ஒருமுறை முறுக்கிவிட்டால் காற்றில் அதிர்ந்து ரீங்கரிக்காது.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மூக்கிலிருந்தும் வாலிலிருந்தும் காரின் இழுவைக் கொக்கிகளுக்கு ஒவ்வொரு கயிறு அவசியம். பட்டை நழுவினாலும் படகைச் சாலையில் விழாமல் பிடித்து வைப்பவை இவைதான்.

இப்போது உலுக்குங்கள். படகு மட்டும் ஆடினால் கட்டு தளர்வு. காரும் சேர்ந்து ஆடினால் சரி. 10 கி.மீ. ஓடியதும் ஓரங்கட்டி மறுபடி பாருங்கள். படகு வண்டிக்கு வெளியே நீட்டுவதையும் கவனியுங்கள்: அனுமதித்த அளவைத் தாண்டி நீட்டிய சுமைக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். அதைவிடப் பெரிது, நம் பின்னால் பைக்கில் குழந்தையோடு வருகிறவரின் உயிர். அந்த ஓர் உலுக்கு அவருக்காகத்தான்.