ஊசி போடாத டாக்டர்கள்

நம் ஊரில் ‘டாக்டர்’ என்றால் ஸ்டெதஸ்கோப் வைத்திருப்பவர்; இல்லாவிட்டால் கல்லூரியில் பாடம் நடத்தும் முனைவர். இந்த இரண்டிலும் சரியாகப் பொருந்தாத ஒரு பட்டம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. அதன் பெயர் டி.ஆர்.பி.எச். பொதுச் சுகாதார முனைவர் என்று சொல்லலாம். இன்று இதில் சேர மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. செவிலியர், சுகாதார அதிகாரி, தொண்டு நிறுவனம் நடத்துபவர் எனப் பலரும் வருகிறார்கள். வேலையை விடாமலே படிக்கிறவர்களும் நிறைய.

பிஎச்.டி. இருக்க இது எதற்கு? ஒரு வட்டாரத்தில் ரத்த அழுத்த மாத்திரையைப் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிஎச்.டி. மாணவர் அதன் காரணத்தை ஆராய்ந்து, துறைக்குப் புதிதாக ஒன்றைச் சொல்ல வேண்டும். டி.ஆர்.பி.எச். மாணவருக்கு அது பாதிக் கிணறுதான். மாத்திரை கொடுக்கும் நேரத்தைக் கூலி வேலை முடிந்த பிறகு வைக்க முடியுமா, அதற்கு யாருடைய உத்தரவு வேண்டும், செலவை எந்தக் கணக்கில் எழுதுவது, கூடுதல் நேரத்துக்குச் செவிலியர்கள் சம்மதிப்பார்களா என்பதெல்லாம் அவருடைய பாடத்தில் சேரும்.

அமெரிக்காவில் பொதுச் சுகாதாரக் கல்விக்கு அங்கீகாரம் தரும் சி.ஈ.பி.எச். அமைப்பு, 2016-இல் திருத்திய விதிகளில் இந்தப் பட்டத்துக்கு 20 திறன்களை வகுத்தது. வகுப்பறைக்கு வெளியே ஓர் அமைப்போடு சேர்ந்து, அதற்கு உருப்படியாகப் பயன்படும் ஒன்றைச் செய்துகொடுப்பதும் கட்டாயம். நல்ல விதிதான். ஆனாலும் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவது பேராசிரியர்கள், ஊர் போடுவதில்லை. அந்த இடைவெளியை மாணவர்தான் நிரப்பியாக வேண்டும்.

அப்படி நிரப்பியவர் கார்ல் டெய்லர். 1916-இல் முசோரியில், மிஷனரி மருத்துவர் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்த்தபோது கூடவே போன பிள்ளை. ஹார்வர்டில் மருத்துவம் படித்து, பிறகு அங்கேயே டி.ஆர்.பி.எச். முடித்தார். சத்துக்குறைவு நோய்த்தொற்றை மோசமாக்குகிறது, நோய்த்தொற்று சத்துக்குறைவை மோசமாக்குகிறது என்பது இன்று அங்கன்வாடி வரை போய்ச் சேர்ந்திருக்கும் பாடம். அதை நிறுவியவர்களில் அவர் ஒருவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சர்வதேச சுகாதாரத் துறையைத் தொடங்கிய பிறகும், அது இருக்கும் பால்டிமோர் நகரோடு அவர் நின்றுவிடவில்லை. பஞ்சாபின் நரங்வால் கிராமத்தில் ஆய்வு நடத்தினார். குழந்தைக்கு நிமோனியா வந்தால், கிராமத்திலேயே இருக்கும் சுகாதாரப் பணியாளர் பென்சிலின் கொடுக்கலாமா? மருத்துவர்கள் முகம் சுளித்த கேள்வி அது. கொடுத்தார்கள், குழந்தைகளின் சாவு குறைந்தது. 1978-இல், ஆரம்பச் சுகாதாரம் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்ற அல்மா ஆட்டா பிரகடனம் எழுதப்பட்டபோது டெய்லரின் கையும் அதில் இருந்தது.

அவரிடம் ஹாப்கின்ஸில் படித்த ஒரு தம்பதி ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே. இருவரும் வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்தவர்கள். ஹாப்கின்ஸில் அவர்கள் வாங்கியது டி.ஆர்.பி.எச். அல்ல, முதுநிலைப் பட்டம் மட்டுமே. 1970-இல் மகாராஷ்டிரத்தின் வறண்ட ஜாம்கேட் பகுதிக்குப் போனபோது, ஊரார் முதலில் கேட்டது மருந்தை அல்ல, தண்ணீரையும் சோற்றையும். மருத்துவர்கள் ஆழ்குழாய்க் கிணறு போட ஏற்பாடு செய்தார்கள். எந்தப் பாடத்திட்டத்தின் முதல் அத்தியாயத்திலும் கிணறு இருந்திருக்காது! பிறகு கிராமப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கினார்கள். அவர்களில் பலர் தலித் பெண்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்.

இன்று ஜாம்கேடில் ஒரு பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பல நாடுகளிலிருந்து பொதுச் சுகாதாரம் படிப்பவர்கள் அங்கே வந்து தங்குகிறார்கள். அவர்களுக்குப் பாடம் எடுப்பவர்களில் அந்தக் கிராமப் பெண்களும் உண்டு.